மஞ்சள் பலகையின் மூன்றாவது வரி: ஒரு ஜெர்மன் மாவட்டம் உருவான கதை

வடக்கு ஜெர்மனியில், எல்பே ஆற்றுக்குத் தெற்கே, சாதெமின் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊருக்குள் நுழையும் இடத்தில், ஜெர்மனியின் எந்த ஊரிலும் இருப்பதுபோல, ஒரு மஞ்சள் பலகை நிற்கும். பெரிய எழுத்தில் ஊர்ப்பெயர், அதன் கீழே சின்ன எழுத்தில் லூஹோ நகரம், கடைசி வரியில் 'லூஹோ-டானன்பெர்க் லாண்ட்கிரைஸ்'. வண்டி ஓட்டுபவர்களுக்கு இந்தப் பலகை சொல்வது ஒன்றுதான்: இங்கிருந்து வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த மூன்றாவது வரியை யாரும் நின்று படிப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

முதலில் சொல்லின் பொருள். 'லாண்ட்' என்றால் நாட்டுப்புறம், நிலம். 'கிரைஸ்' என்றால் வட்டம். நிர்வாகப் பகுதியை வட்டம் என்று சொல்லும் வழக்கம் தமிழிலும் இருப்பதால் நமக்கு இது விநோதமாகப் படாது. ஆனால் அளவில் அது நம் வட்டத்தைவிடப் பெரியது. 'மாவட்டம்' என்று வைத்துக்கொள்வதே பொருத்தம். ஒரே ஒரு எச்சரிக்கை. மாவட்டம் என்றதும் மேலிடம் நியமித்து அனுப்பும் ஆட்சியர் நம் நினைவுக்கு வருவார். ஜெர்மன் மாவட்டத்தின் தலைவரான லாண்ட்ராட் அப்படி வருபவர் அல்லர். சாதெமின் இருக்கும் கீழ் சாக்சனி மாநிலத்தில் அவரை மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்குப் பக்கத்தில் 'கிரைஸ்டாக்' என்ற மாவட்டப் பேரவையும் தேர்தல் மூலம்தான் வருகிறது.

அடுக்குகள் இப்படி: மேலே கூட்டாட்சி. அதன் கீழே 16 மாநிலங்கள். மாநிலத்துக்குள் மாவட்டங்கள். மாவட்டத்துக்குள் 'கெமைண்டே' எனப்படும் ஊராட்சிகளும் சிறு நகரங்களும். ஜெர்மனி முழுக்க இன்று 294 லாண்ட்கிரைஸ்கள் இருக்கின்றன. மியூனிக் போன்ற பெரிய நகரங்கள் எந்த மாவட்டத்திலும் சேராமல் தாமே மாவட்டத்தின் வேலையையும் பார்த்துக்கொள்கின்றன, அப்படிப்பட்டவை 106. இரண்டையும் கூட்டினால் சரியாக 400.

அந்த 294இல் மக்கள்தொகையில் கடைசி இடம் லூஹோ-டானன்பெர்க்குக்கு. கீழ் சாக்சனி மாநிலத்தின் கிழக்கு மூலையில், ஏறத்தாழ 1,220 சதுர கிலோமீட்டரில் 50,000க்கும் குறைவானவர்களே வசிக்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் பைன் காடும்தான். இவ்வளவு சின்ன மாவட்டம் ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டால், ஜெர்மன் நிர்வாகத்தின் இருநூறு ஆண்டு வரலாறு பதிலாக வரும். நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அதுதான்.

மாவட்டம் என்னதான் செய்கிறது?

சாதெமினில் ஒருவர் புதிதாகக் கார் வாங்குகிறார் என்று வையுங்கள். அதைப் பதிவு செய்ய மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போடக் கட்டட அனுமதியும் மாவட்டத்திடம்தான். குப்பை எடுப்பது, ஆம்புலன்ஸ் சேவை, குழந்தைகள் நலத்துறை, சமூக உதவித்தொகை, மாவட்டச் சாலைகள் எல்லாம் அதன் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் மட்டும் ஒரு வேடிக்கையான பங்கீடு: மேல்நிலைப் பள்ளிக் கட்டடத்தின் கூரை ஒழுகினால் மாவட்டம் சரிசெய்ய வேண்டும், உள்ளே பாடம் நடத்தும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதோ மாநிலம். பாஸ்போர்ட், அடையாள அட்டைக்கு மாவட்டம் வரை போக வேண்டியதில்லை. அதற்கு உள்ளூர் அலுவலகம் போதும்.

இதற்கெல்லாம் பணம்? மாவட்டத்துக்கென்று பெரிய வரி வருமானம் கிடையாது. மாநிலம் கொடுப்பது போக, தனக்குக் கீழே உள்ள ஊராட்சிகளிடம் ஆண்டுதோறும் ஒரு பங்கை வசூலிக்கிறது. 'கிரைஸ் உம்லாகே' என்று அதற்குப் பெயர். எத்தனை சதவீதம் என்பதில் ஊர்த் தலைவர்களுக்கும் மாவட்டத்துக்கும் ஜெர்மனி முழுக்க ஓயாத இழுபறி.

மாவட்டத்தின் கழுத்தில் இரண்டு கயிறுகள். ஒன்று மக்களிடம், இன்னொன்று மாநில அரசிடம். சில வேலைகளைத் தன்னாட்சி உரிமையில் செய்கிறது. வாகனப் பதிவு போன்ற வேலைகளை மேலிடத்தின் ஏஜென்டாகச் செய்கிறது. இந்த இரட்டை வேடம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வரலாற்றுக்குள் போக வேண்டும்.

வட்ட ஊர்களும் பழைய ஆம்ட்களும்

இந்தப் பகுதிக்கு வெண்ட்லாண்ட் என்றொரு செல்லப்பெயர் உண்டு. எந்தச் சட்டத்தாலும் வந்ததல்ல அந்தப் பெயர். வெண்ட் என்று ஜெர்மானியர்கள் அழைத்த ஸ்லாவிய மக்கள் இங்கே வாழ்ந்ததால் வந்தது. அவர்களுடைய மொழி 18ஆம் நூற்றாண்டில் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் ஊர்ப்பெயர்களில் நிற்கிறது: வுஸ்ட்ரோ, கார்ட்டோ, லூஹோ. ஜெர்மனில் எழுதும்போது இவற்றின் கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும், உச்சரிக்க மாட்டார்கள். அந்த ஊமை எழுத்துதான் ஸ்லாவிய அடையாளம். இங்குள்ள பழைய கிராமங்களின் அமைப்பும் தனி. நடுவில் ஒரு பொதுத் திடல், அதைச் சுற்றி வட்டமாக, முகப்பைத் திடலை நோக்கி வைத்த மரச்சட்ட வீடுகள். சாதெமினும் அப்படிப்பட்ட வட்ட ஊர்தான்.

இடைக்காலத்தில் டானன்பெர்க்கில் ஒரு பிரபுக் குடும்பம், லூஹோவில் இன்னொன்று. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு பகுதிகளும் வெல்ஃப் அரச குலத்தின் கைக்கு, லூனபுர்க் சிற்றரசுக்குள் போய்விட்டன. இன்றைய மாவட்டப் பெயரில் நடுவே ஒரு கோடு இருக்கிறதே, அதன் இரு பக்கமும் இருக்கும் பெயர்கள் அவ்வளவு பழையவை.

அதன் பிறகு பல நூற்றாண்டுகள் இங்கே நிர்வாகம் என்றால் 'ஆம்ட்'. இந்தச் சொல்லுக்கு இன்று ஜெர்மனில் அலுவலகம் என்று பொருள். அன்று அது ஒரு நிலப்பகுதியையும் அதை ஆளும் அலுவலகத்தையும் சேர்த்துக் குறித்தது. டானன்பெர்க், ஹிட்ஸாக்கர், லூஹோ, வுஸ்ட்ரோ என்று ஆளுக்கொரு ஆம்ட். அதன் தலைவரான ஆம்ட்மான் அரசருடைய நிலங்களுக்குக் குத்தகை வசூலிப்பார், வரி தண்டுவார், திருடனைப் பிடிப்பார், அவரே உட்கார்ந்து விசாரித்துத் தீர்ப்பும் சொல்வார். பிடித்தவரே தீர்ப்புச் சொன்னால் எப்படி என்று கேட்க 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆகியது. இந்தப் பகுதி அப்போது சேர்ந்திருந்த ஹனோவர் அரசில் 1850களில்தான் நீதிமன்றத்தை நிர்வாகத்திலிருந்து பிரித்தார்கள்.

கோடு போட்டது பிரஷ்யா

1866இல், பெர்லினிலிருந்து ஆண்ட பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர். ஹனோவர் அரசு ஆஸ்திரியப் பக்கம் சாய்ந்தது, தோற்றது. பிரஷ்யா அந்த அரசையே விழுங்கித் தன் மாகாணமாக்கிக்கொண்டது. பிரஷ்யாவின் பழைய பகுதிகளில் கிரைஸ் என்ற அமைப்பு எப்போதோ வேரூன்றிவிட்டது. புதிதாகப் பிடித்த இடத்திலும் அதைக் கொண்டுவர விரும்பினார்கள், ஆனால் உடனே செய்யவில்லை. ஹனோவர்க்காரர்கள் ஏற்கெனவே கோபத்தில் இருந்தார்கள். 1884இல் சட்டம் வந்தது. 1885 ஏப்ரல் 1 அன்று பழைய ஆம்ட்கள் எல்லாம் ஒன்றுசேர்க்கப்பட்டுக் கிரைஸ்கள் ஆயின. வெண்ட்லாண்டில் இரண்டு பிறந்தன: கிரைஸ் டானன்பெர்க், கிரைஸ் லூஹோ.

இங்கேதான் அந்த இரட்டை வேடம் தொடங்குகிறது. அன்றைய லாண்ட்ராட் பெர்லினின் ஆள், அரசர் நியமித்தவர். ஆனால் பக்கத்தில் உள்ளூர்ப் பிரதிநிதிகளின் பேரவையும் இருந்தது. சாலை போடுவது, சேமிப்பு வங்கி நடத்துவது போன்றவற்றை அது முடிவு செய்தது. மேலிருந்து வரும் அதிகாரமும் கீழிருந்து வரும் அதிகாரமும் ஒரே கட்டடத்தில் உட்கார வேண்டும் என்பது பிரஷ்யாவின் ஏற்பாடு. அரசர் போய் நூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்த ஏற்பாடு போகவில்லை.

1932இல் அடுத்த வெட்டு. உலகப் பொருளாதார நெருக்கடியில் பிரஷ்யாவின் கஜானா காலி. அந்த ஆண்டு ஜூலை 20 அன்று, தேர்தலில் வந்த பிரஷ்ய அரசை மத்தியில் பிரதமராக இருந்த பாப்பெனின் அரசு தூக்கியெறிந்து, தன் ஆட்களை உட்கார வைத்தது. இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 1 அன்று, அவர்கள் போட்ட ஆணை ஒன்று சின்னச் சின்ன மாவட்டங்களை ஒன்றோடொன்று இணைத்தது. செலவைக் குறைக்க என்று காரணம். அக்டோபர் 1 முதல் கிரைஸ் லூஹோ இல்லாமல் போனது. முழுப் பகுதிக்கும் டானன்பெர்க் என்றே பெயர், தலைநகரும் டானன்பெர்க்.

லூஹோக்காரர்களுக்கு இது எவ்வளவு வலித்திருக்கும் என்று ஊகிக்கலாம். மாவட்டத் தலைநகர் என்றால் அலுவலகம், வேலை, வழக்குக்கும் மனுவுக்கும் வருகிறவர்கள் சாப்பிடும் ஓட்டல் எல்லாம் சேர்ந்ததுதானே. 1951இல் கணக்கைச் சரிசெய்தார்கள். மாவட்டத்தின் பெயர் லூஹோ-டானன்பெர்க் ஆனது, அலுவலகம் லூஹோவுக்குப் போனது. ஐந்து ஆண்டு கழித்து, 1956இல், மேற்கு ஜெர்மனி முழுக்கப் புதிய வாகன எண் முறை வந்தபோது ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓரிரண்டு அல்லது மூன்று எழுத்துகள் கொடுத்தார்கள். இந்த மாவட்டத்துக்குக் கிடைத்தவை டி, ஏ, என். அதாவது 'டான்', டானன்பெர்க்கின் முதல் மூன்று எழுத்துகள். தலைநகர் ஒருவருக்கு, நம்பர் பிளேட் இன்னொருவருக்கு! இன்றும் லூஹோவின் கார்கள் டானன்பெர்க்கைச் சுமந்துகொண்டுதான் ஓடுகின்றன.

மூன்று பக்கமும் வேலி

நடுவில் நாஜி ஆட்சி. மாவட்டப் பேரவைகளின் குரலை அது அடக்கி, மேலிருந்து வரும் கட்டளையை மட்டும் மிச்சம் வைத்தது. 1945இல் இந்தப் பகுதி பிரிட்டிஷ் படைகளிடம் வந்தது. பிரிட்டிஷாருக்கு ஒரே ஆள் கையில் இவ்வளவு அதிகாரம் இருப்பது பிடிக்கவில்லை. தங்கள் ஊர் வழக்கத்தைப் பின்பற்றிப் பதவியை இரண்டாகப் பிளந்தார்கள்: மக்கள் பிரதிநிதியாகச் சம்பளமில்லாத லாண்ட்ராட், நிர்வாகத்தை நடத்தச் சம்பளம் வாங்கும் தலைமை அதிகாரி. கீழ் சாக்சனியில் இந்த இரட்டைத் தலைமை அரை நூற்றாண்டு ஓடியது. 1996இல் சட்டம் மாறிய பிறகுதான் படிப்படியாக இரண்டும் மறுபடி ஒரே நாற்காலி ஆயின. இந்த முறை மக்கள் ஓட்டோடு.

ஆனால் 1945இன் பெரிய மாற்றம் பதவியில் அல்ல, வரைபடத்தில். பிரிட்டிஷ் மண்டலத்துக்கும் சோவியத் மண்டலத்துக்கும் நடுவே போட்ட கோடு, பின்னால் இரண்டு ஜெர்மனிகளின் எல்லையாகி, இந்த மாவட்டத்தை வடக்கு, கிழக்கு, தெற்கு என மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டது. டானன்பெர்க் பக்கத்திலிருந்து எல்பே ஆற்றைக் கடந்து அக்கரையிலுள்ள டோமிட்ஸ் ஊருக்குப் போகும் ரயில் பாலத்தை 1945 ஏப்ரலில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டுத் தகர்த்திருந்தன. அதைத் திருப்பிக் கட்டவே இல்லை. மேற்குக் கரையில் வளைவுகள் மட்டும் வயலுக்கு மேலே நடந்து ஆற்றோரத்தில் வந்து நின்றுவிடுகின்றன. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

எல்லை ஆற்றின் நடுவிலா, கிழக்குக் கரையிலா என்பதுகூட முடிவாகவில்லை. ஷ்னாக்கென்புர்க்கிலிருந்து லாவன்புர்க் வரை தொண்ணூறு கிலோமீட்டருக்கும் மேல், இரண்டு நாடுகளும் கடைசிவரை இதில் ஒத்துப்போகவில்லை.

முட்டுச்சந்தில் இருக்கும் வீட்டுக்கு என்ன நடக்குமோ அதுவே மாவட்டத்துக்கும் நடந்தது. வழிப்போக்கு இல்லை, தொழிற்சாலை வரவில்லை, இளைஞர்கள் ஹாம்பர்க் போனார்கள். எல்லையோரப் பகுதி என்று மேற்கு ஜெர்மனி தனி நிதியுதவி கொடுத்தது, ஓரளவு தாங்கிப் பிடித்தது. 1977 பிப்ரவரியில் மாநில முதல்வர் எர்ன்ஸ்ட் ஆல்பிரெக்ட் அணுக்கழிவைப் புதைக்க இந்த மாவட்டத்தின் கோர்லேபென் கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தார். ஆட்கள் குறைவு, எல்லைக்கு அருகே. யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். விவசாயிகள் டிராக்டரோடு தெருவில் இறங்கினார்கள். 1980இல் போராட்டக்காரர்கள் துளையிடும் இடத்தில் குடிசை போட்டு, 'சுதந்திர வெண்ட்லாண்ட் குடியரசு' என்று பிரகடனம் செய்து, தாங்களே பாஸ்போர்ட்டும் அடித்துக் கொடுத்தார்கள். 33 நாள் நீடித்தது, போலீஸ் கலைத்தது. நிர்வாக வரலாற்றில் இதைச் சேர்க்கலாமா என்று கேட்டால், இந்த மண்ணுக்காக உள்ளூரிலேயே ஒரு நிர்வாகத்தை உருவாக்கியது அந்த 33 நாள் மட்டும்தான் என்பேன். அணுக்கழிவைப் புதைக்கும் இடங்களுக்கான பட்டியலிலிருந்து கோர்லேபெனை நீக்கியது 2020இல்.

கத்தரிக்கோல் வந்தபோது

1960களின் கடைசியில் மேற்கு ஜெர்மன் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே யோசனை வந்தது: ஊராட்சிகளும் மாவட்டங்களும் மிகச் சிறியவை, இணைத்தால் திறமையாக நடக்கும். 425 ஆக இருந்த மாவட்டங்கள் பத்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 235 ஆகச் சுருங்கின. கீழ் சாக்சனியில் மட்டும் 60இலிருந்து 37.

ஜெர்மன் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு ஊராட்சிக்கும் மாவட்டத்துக்கும் தன்னாட்சி உரிமை தருகிறது. அப்படியிருக்க மாநிலம் எப்படி ஒரு மாவட்டத்தை அழிக்க முடியும்? அந்தப் பிரிவு மாவட்டம் என்ற அமைப்பைத்தான் காக்கிறது, இந்த மாவட்டம் இருந்தே தீர வேண்டும் என்று சொல்வதில்லை. பொதுநலக் காரணம் காட்டி, சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்டு, சட்டம் போட்டால் இணைக்கலாம். சட்டம் சரியில்லை என்றால் நீதிமன்றம் தடுக்கும். வட கடலோரத்தில் ஃப்ரீஸ்லாண்ட் மாவட்டம் 1977இல் போனது. வழக்கில் வென்று 1980இல் திரும்பி வந்தது.

லூஹோ-டானன்பெர்க் வழக்குப் போடாமலே தப்பியது. மக்கள்தொகைக் கணக்கில் பார்த்தால் முதலில் வெட்டியிருக்க வேண்டியது இதைத்தான். ஏன் விட்டார்கள்? என் கணிப்பு இது: மூன்று பக்கம் வேலி, இணைப்பதற்கு மேற்குப் பக்கம் மட்டுமே அண்டை வீட்டார். அங்கேயும் சேர்த்திருந்தால், மாவட்டத்தின் கிழக்கு முனையிலுள்ள ஷ்னாக்கென்புர்க்காரர் ஒரு கையெழுத்துக்காக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். இவ்வளவு காலம் வருத்திய எல்லையே மாவட்டத்தைக் காப்பாற்றிவிட்டது.

கிராமங்கள் தப்பவில்லை. 1972இல் இருநூறுக்கும் மேற்பட்டிருந்த ஊராட்சிகள் 27 ஆயின. சாதெமின் லூஹோ நகரத்துக்குள் போனது அப்போதுதான். மஞ்சள் பலகையின் இரண்டாவது வரி பிறந்த வேளை அது. இந்த 27இலும் பல தனியாக ஓர் அலுவலகத்தை நடத்த வலுவில்லாதவை. அதற்குக் கீழ் சாக்சனி கண்டுபிடித்த வழி 'சாம்ட்கெமைண்டே', கூட்டு ஊராட்சி. ஒவ்வோர் ஊருக்கும் தன் மன்றமும் சம்பளமில்லாத தலைவரும் உண்டு. பாஸ்போர்ட், தீயணைப்பு, ஆரம்பப் பள்ளி போன்ற வேலைகள் மட்டும் பொது அலுவலகத்துக்கு. தனிக்குடித்தனம், ஆனால் சமையல் ஒன்றாக. இங்கே முதலில் ஐந்து கூட்டுகள் இருந்தன. 2006 நவம்பரில் அவையும் இணைந்து மூன்றாயின: லூஹோவும் கிளென்ஸேயும் ஒன்று, டானன்பெர்க்கும் ஹிட்ஸாக்கரும் சேர்ந்து எல்ப்டாலவ், தனியாக கார்ட்டோ. மாநிலத்தின் மிகச் சிறிய நகரமான ஷ்னாக்கென்புர்க் இந்த கார்ட்டோவுக்குள்தான் இருக்கிறது. நகரம் என்ற பட்டம் இடைக்காலத்திலிருந்து வருவது, இன்றைய ஆள்தொகை சில நூறுகள்தான்.

எல்லாவற்றையும் கணக்கில் கொண்டுவந்த பிறகும் இரண்டு காட்டுத் துண்டுகள் மிஞ்சின. கார்ட்டோ காடும் கோர்டே காடும் எந்த ஊராட்சிக்கும் சொந்தமில்லை. நேராக மாவட்டத்தின் கீழே இருக்கின்றன.

மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் நடுவே லூனபுர்க்கில் ஒரு மண்டல அரசு அலுவலகம் பிரஷ்யக் காலத்திலிருந்து இருந்தது. 2004 முடிவில் கீழ் சாக்சனி அந்த அடுக்கையே எடுத்துவிட்டது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

ஆற்றைக் கடந்து வந்த ஊர்

1990இல் எல்லை போனது. இன்று இந்த மாவட்டம் மெக்லன்புர்க், பிராண்டன்புர்க், சாக்சனி-அன்ஹால்ட் என மூன்று மாநிலங்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. டோமிட்ஸுக்கு 1992 டிசம்பரில் புதிய சாலைப் பாலம் திறந்தார்கள். அந்தப் பக்கத்து மாவட்டங்கள் அதற்குப் பிறகு பெயரும் எல்லையும் பலமுறை மாறின. பழைய மேற்கின் இந்த மூலை மட்டும் அசையவில்லை. இணைப்புப் பேச்சு அவ்வப்போது எழுகிறது, அடங்குகிறது.

பக்கத்து லூனபுர்க் மாவட்டத்தில் மட்டும் ஓர் அதிசயம் நடந்தது. அதன் ஒரு பகுதியான நொய்ஹவுஸ் ஆற்றுக்கு வடகிழக்கே இருந்தது. 1945இல் பாலங்கள் இல்லாமல் அங்கே போய் நிர்வகிக்க முடியாது என்று பிரிட்டிஷார் அதைச் சோவியத் பக்கத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டு கிழக்கு ஜெர்மனி. சுவர் விழுந்ததும் ஊர் மக்கள் பழைய மாவட்டத்துக்கே திரும்ப வேண்டும் என்றார்கள். இரண்டு மாநிலங்கள் ஒப்பந்தம் போட, 1993 ஜூன் 30 அன்று நொய்ஹவுஸ் கீழ் சாக்சனிக்கு, லூனபுர்க் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தது. ஜெர்மன் மாநில எல்லை இப்படி மக்கள் கேட்டு ஆற்றைத் தாண்டி நகர்ந்தது அபூர்வம்.

பாலம் மட்டும் வரவில்லை. டார்ஹாவ் என்ற இடத்தில் கட்டலாம் என்று பல பத்தாண்டுகளாகப் பேச்சு. எதிர்க்கரை நொய் டார்ஹாவ் ('நொய்' என்றால் புதிய, நம் காதில் வேறு மாதிரி விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்). சிக்கல் என்னவென்றால், பாலத்தின் ஒரு கால் லூனபுர்க் மாவட்டத்தில், மறு கால் லூஹோ-டானன்பெர்க் மாவட்டத்தில். வேண்டும் என்று கேட்பவர்கள் ஒரு பக்கம், லாரிகள் வந்து இறங்கும் ஊர் மறுபக்கம்.

அதனால் நொய்ஹவுஸ்காரர் தன் சொந்த மாவட்டத் தலைநகருக்குப் போக டார்ஹாவில் காரைப் படகில் ஏற்றுகிறார். அக்கரையில் இறங்கினால் மூன்றாவது வரியில் பக்கத்து மாவட்டத்தின் பெயர். அதற்குள் ஓடி, மறுபடி தன் மாவட்டத்துக்குள் நுழைந்து லூனபுர்க் போய்ச் சேர வேண்டும். ஆற்றில் தண்ணீர் குறைந்தாலோ பனிக்கட்டி மிதந்தாலோ படகு ஓடாது. அன்றைக்கு டோமிட்ஸ் வழியாகவோ லாவன்புர்க் வழியாகவோ வேறு மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்.